வாடைக்கு முன் ஒரு மடிப்பு

காற்றே இல்லாத ஒரு காலையில் சாத்தம் தீவின் ஓரத்தில் ஒருவர் பாயைச் சுருக்கிக் கட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் காரணம் புரிந்தது.

ஹட்டோவிலிருந்து சாத்தம் தீவுக்குப் பாலம் இருக்கிறது. நடந்தே இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் காலை ஏழரை மணிக்கு அது இரண்டு நிமிட விஷயம் அல்ல. எதிர்க்கரையிலுள்ள பாம்பூ ஃபிளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகைப் பிடிக்க மோட்டார் சைக்கிள்களும் காய்கறி வேன்களும் முண்டியடிக்கின்றன. இந்தி, வங்காளி, தெலுங்கு, தமிழ் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. யாரோ யாரையோ "தள்ளி நில்லுப்பா" என்று அதட்டுகிறார். போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. ஜெட்டியில் நிற்பவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.

கூட்டத்துக்கு முதுகு காட்டி, தீவின் தென்மேற்கு ஓரத்துக்கு வந்தால் வேறு உலகம். தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கிறது. மர ஆலைப் பக்கமிருந்து வரும் மரத்தூள் வாசனைகூட நகராமல் நிற்கிறது. அங்கே ஐந்து மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகு ஒன்றில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். பாம்பன் பக்கத்துக்காரர். கடற்படையில் இருபது வருடம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். உதவிக்கு ஒரு பையன். இந்தத் தீவுகளிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். இன்று என்னையும் ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் செய்த காரியம் வினோதமாக இருந்தது. பெரிய பாயின் அடிப்பகுதியில் ஏறக்குறைய கால் பங்கை மடித்து, சின்னச் சின்னக் கயிறுகளால் கட்டினார். பிறகு முன்பாயை மாற்றினார். பெரியதைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு, கெட்டித் துணியில் தைத்த சிறிய பாய் ஒன்றை மாட்டினார். காற்றோ தீக்குச்சியைக்கூட அணைக்காது. ஜெட்டியில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "என்ன அண்ணாச்சி, புயலா வருது?"

அவர் நிமிரவில்லை. கையை மட்டும் மேலே காட்டினார். தீவின் மேட்டில் நின்ற மரங்களின் நுனிகள் விடாமல் ஆடிக்கொண்டிருந்தன. "வாடை ஊதிக்கிட்டிருக்கு. நாம தீவோட மறைவுல நிக்கிறோம். மறைவுல நின்னுக்கிட்டுப் பாயை அளக்கக் கூடாது தம்பி" என்றார்.

சாத்தத்தின் எழுதப்பட்ட சரித்திரமே பாய்க்கப்பல்களில்தான் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் அளவையாளர் ஆர்ச்சிபால்ட் பிளேர் 'எலிசபெத்', 'வைப்பர்' என்ற இரண்டு கப்பல்களுடன் வந்து இந்தக் கரைகளை அளந்தார். 1789இல் அவர் அமைத்த முதல் குடியிருப்பு இந்தச் சாத்தம் தீவில்தான். மூன்று வருடத்தில் அது வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோயும் சாவும் மிகுந்து 1796இல் கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் 1858 மார்ச்சில் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்தபோதும் முதலில் காடு வெட்டியது இங்கேதான். குடிநீர் போதாததால் ராஸ் தீவுக்குப் போனார்கள். 1883இல் மர அறுவை ஆலை வந்தது. 1942 மார்ச் 10ஆம் தேதி ஜப்பானிய விமானம் போட்ட குண்டின் பள்ளம் ஆலை வளாகத்தில் இன்றும் இருக்கிறது. மரம் வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2002இல் விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு ஆலையின் வேகம் அடங்கிவிட்டது. ஒரு காலத்தின் இரைச்சல் இப்போது இல்லை.

பிளேருக்குக் காற்றை அளக்கக் கருவி கிடையாது. அந்தக் காலத்து மாலுமிகள் காற்றைப் பாயால்தான் அளந்தார்கள். இன்று வானிலை அறிக்கைகளில் அடிபடும் பியூஃபோர்ட் அளவுகோலின் பூர்வீகமே அதுதான். பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1805இல் எழுதத் தொடங்கிய அளவுகோலை 1838இல் அந்தக் கடற்படை முறைப்படி ஏற்றது. அதில் பலமான காற்றுகளுக்குக் கொடுத்த அடையாளம், ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பாயைத் தாங்கும் என்பதுதான். மேற்பாயில் ஒரு மடிப்பு போட வேண்டியிருந்தால் காற்று 6ஆம் எண். இரண்டு மடிப்பு என்றால் 7. மூன்று என்றால் 8. எந்தத் துணியும் நிற்காது என்றால் 12. ஆக, இந்தப் பெரியவர் சாத்தத்தின் ஓரத்தில் செய்துகொண்டிருந்தது ஏதோ சொந்தக் கிறுக்குத்தனம் அல்ல. பழைய கணக்கு.

கணக்கின் பின்னால் ஒரு விதி இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மீது அதன் அழுத்தம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 10 நாட் வேகத்தில் (மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர்) சுகமாக இழுத்துச் செல்லும் அதே பாய், 20 நாட்டில் நான்கு மடங்கு பலத்தோடு படகைச் சாய்க்கும். 30 நாட்டில் ஒன்பது மடங்கு. மனிதன் கன்னத்தில் உணர்வது வேகத்தை. படகு உணர்வது அழுத்தத்தை. விபத்துகள் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

புறப்பட்டோம். மூன்று பேரும் மிதவைச் சட்டை போட்டிருந்தோம். தீவின் மறைவைத் தாண்டியதும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல் காற்று வந்தது. டிசம்பர் மாதத்து வாடை, துறைமுகத்தின் வாய் வழியாக நுழைந்து உள்ளே தென்மேற்காக ஓடும். நாங்கள் போனதும் அதே திசை. பிளேரின் கப்பல் பெயரைச் சுமந்து நிற்கும் வைப்பர் தீவு. 1872இல் வைஸ்ராய் மேயோ பிரபு எதிர்க்கரையில் ஹோப்டவுன் துறையில் குத்திக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற ஷேர் அலி தூக்கிலிடப்பட்டது வைப்பரில்தான்.

காற்று பின்னாலிருந்து வந்தால் கடல் எவ்வளவு நல்லதாகத் தெரிகிறது! படகு நிமிர்ந்தே போனது. அலைகள் எங்களோடு கூடவே வந்தன. வெயில் இதமாக இருந்தது. ஒரே குறை, வேகம் போதவில்லை. கடந்து போன விசைப்படகுக்காரன் எங்கள் குட்டைப் பாயைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான். அது கேலியா, வணக்கமா என்று தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மடிப்பை அவிழ்த்துவிட்டால் சீக்கிரம் போகலாமே?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பையன் எனக்குத் துணைக்கு வந்தான். "ஆமா மாமா, காத்து ஒண்ணும் பெருசா இல்லையே." உள்ளங்கையளவு காற்றுமானியைத் தூக்கிப் பிடித்தான். 13 நாட் காட்டியது. பெரியவர் பின்னால் திரும்பித் துறைமுகத்தின் வாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விருந்தாளியின் ஆசை என்று நினைத்திருக்க வேண்டும். "சரி, அவுரு" என்றார்.

சின்னக் கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பாய் முழு உயரத்துக்கு எழுந்தது. படகு பாய்ந்தது. நான் சந்தோஷத்தில் கத்தியிருக்கவும் கூடும்.

வைப்பர் தீவின் ஜெட்டி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தபோது திரும்ப வேண்டியிருந்தது. திரும்பினோம். அந்த ஒரு நொடியில் உலகம் மாறியது. இதுவரை கொஞ்சிக்கொண்டிருந்த காற்று முகத்தில் அறைந்தது. படகு அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாழ்ந்த விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறி உள்ளே கொட்டியது. காலுக்குக் கீழே இருந்த பலகை சுவராகிவிட்டது. நான் எதையோ கட்டிப் பிடித்துக்கொண்டேன். சுக்கான் பிடியைப் பெரியவர் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். படகு அவர் பேச்சைக் கேட்காமல் காற்றை நோக்கி மூக்கைத் திருப்பியது.

"தாமானை விடு!"

தாமான் என்பது பாயின் கீழ் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. பையன் விட்டான், ஆனால் ஒரு கணம் தாமதமாக. கயிறு அவன் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. பாய் காற்றை உதறிவிட்டுப் படபடவென்று அடித்தது. படகு நிமிர்ந்தது. கணுக்கால் வரை தண்ணீர். பையன் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

நடந்தது என்ன? காற்று கூடவில்லை. முதலிலிருந்தே அது 18 நாட்தான். நாங்கள் 5 நாட் வேகத்தில் அதோடு சேர்ந்து ஓடியதால் 13 மட்டுமே எங்களுக்குத் தெரிந்தது. திரும்பி எதிர்த்துப் போனபோது எங்கள் வேகமும் சேர்ந்து 21ஐத் தொட்டது. 13க்கும் 21க்கும் வித்தியாசம் 8 நாட்தானே என்று கன்னம் சொல்லும். பாயின் மீது அழுத்தம் இரண்டரை மடங்குக்கு மேல். ஓடும் காற்றோடு ஓடுகிறவன் அதன் பலத்தை அறிவதில்லை. திரும்பும்போதுதான் அறிகிறான்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் பெரியவர் செய்ததை இன்னும் மறக்க முடியவில்லை. பதற்றமில்லாமல் முன்பாயைக் காற்று வரும் பக்கத்துக்கே இழுத்துக் கட்டினார். சுக்கானை அதற்கு எதிராகத் திருப்பி வைத்தார். முன்பாய் படகை ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் திருப்ப, இரண்டுக்கும் நடுவில் படகு முட்டி நின்றது. கடலின் நடுவே தூளிபோல் ஆடிக்கொண்டு, மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது. அலையும் காற்றும் அதேதான். ஆனால் கை வைத்து வேலை செய்யும் அளவுக்குப் படகில் ஓர் அமைதி வந்துவிட்டது.

பிறகு வரிசையாக: பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானைத் தளர்த்தி, பாயை ஓர் அடையாளம் வரை இறக்கினார். பாயின் முன் விளிம்பில் உள்ள வளையத்தைப் பாய்மரத்தின் அடியில் கொக்கியில் மாட்டினார். பின் விளிம்பில் உள்ள வளையத்தை அடிக்கட்டையோடு சேர்த்து, கீழாகவும் பின்னாகவும் விறைப்பாக இழுத்துக் கட்டினார். ஆஞ்சானை மறுபடி இறுக்கினார். பாய் தட்டையாக நின்றது. தொங்கிய துணியைக் கடைசியில்தான் சின்னக் கயிறுகளால் கட்டினார், அதுவும் தளர்வாக. "இந்தக் கயிறு சும்மா துணியை அடக்கத்தான். இதுல பாரம் விழுந்தா பாய் கிழிஞ்சுரும். பாரமெல்லாம் அந்த ரெண்டு வளையத்துலதான் நிக்கணும்" என்றார். முதல் மடிப்போடு நிறுத்தவில்லை. அதேபோல் இரண்டாவது மடிப்பும் போட்டார்.

முன்பாய் ஏற்கெனவே சிறியது. அது இருந்ததால்தான் தப்பித்தோம் என்று சொல்லலாமா என்று கேட்டேன். பாதி ஆமாம், பாதி இல்லை என்றார். முன்னால் சிறிய பாய், பின்னால் முழுப் பாய் என்றால் பின்பக்கம்தான் அதிகம் தள்ளப்படும். படகு காற்றை நோக்கி மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும். சுக்கான் கனத்தது அதனால்தான். இரண்டையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். பாய் அதிகம் என்று படகு சொல்லும் அடையாளங்களையும் அவரே அடுக்கினார்: சுக்கான் பிடி கையை இழுக்கும். தாமானை அடிக்கடி விட்டுப் பிடிக்க வேண்டிவரும். தாழ்ந்த விளிம்பு தண்ணீரை நக்கும். சுற்றிலும் அலை நுனிகள் வெளுக்கும். "இதுல ஒண்ணு தெரிஞ்சாலே சுருக்கிரணும். நாலும் தெரியுற வரைக்கும் காத்திருந்தா, சுருக்கக் கை இருக்காது."

இரண்டு மடிப்புப் பாயோடு வளைந்து வளைந்து சாத்தத்தை நோக்கி ஏறினோம். ஆச்சரியம் என்னவென்றால் வேகம் குறையவில்லை. அதிகமாகச் சாய்ந்த படகு முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் வழுக்கித்தான் போகிறது. நிமிர்ந்த படகு, குறைந்த துணியோடு, போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

வழியில் பெரியவர் தாரிணியைப் பற்றிப் பேசினார். இந்தியக் கடற்படையின் 17 மீட்டர் பாய்ப்படகு. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ஏ. ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் கே. தில்னா என்ற இரண்டு பெண்கள், 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து அதில் புறப்பட்டு உலகத்தைச் சுற்றி 2025 மே 29ஆம் தேதி திரும்பினார்கள். 25 ஆயிரம் கடல் மைலுக்கு மேல். தென்பசிபிக்கில் 50 நாட் வரை காற்றைப் பார்த்தார்கள். அந்தப் படகில் பெரும்பாய், முன்பாய்கள், பின்காற்றுக்கான பாய், புயலுக்கென்றே ஒரு குட்டிப்பாய் என்று விதவிதமாக உண்டு. "எட்டு மாசம், ரெண்டு பேரு. ராத்திரி எத்தனை தடவை எந்திருச்சுப் பாயை மாத்தியிருப்பாங்க! வீரம்னா எல்லாரும் பாயை ஏத்துறதைத்தான் நெனைக்கிறாங்க" என்றார்.

எனக்குப் புறநானூற்றின் 30ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. சோழன் நலங்கிள்ளியைப் பாடும் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், காவிரியின் முகத்துவாரத்தில் பெருங்கப்பல் ஒன்று பாய்மரத்தையும் மேற்பாயையும் களையாமல், சரக்கின் பாரத்தையும் குறைக்காமல் உள்ளே நுழைந்ததைச் சொல்கிறார். துறையின் ஆழத்துக்கும் நாட்டின் வளத்துக்கும் அது புகழ்ச்சி. அப்படிப் புகழ வேண்டுமென்றால், மற்ற துறைகளில் மேற்பாயைக் களைந்துவிட்டு நுழைவதுதான் வழக்கமாக இருந்திருக்க வேண்டும். பாயைக் குறைப்பது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நம் மாலுமிகளின் அன்றாட வேலை. பாட்டில் இடம்பிடித்தது குறைக்காத கப்பல்தான்.

சாத்தத்தின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று அறுந்தது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். பையனின் கையில் மருந்து போட்டுத் துணி சுற்றினார் பெரியவர். தேநீர் வந்தது. "அவிழ்க்கச் சொன்னது என் தப்பு" என்றேன்.

"கேட்டது நீங்க. அவுத்தது நான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே சொன்னார்.

அவருக்கு ஓர் அண்ணன். 1970களின் தொடக்கம். வெளியே பொருத்தும் மோட்டார்கள் தமிழகக் கரைக்கு வராத காலம். பாக் நீரிணைக் கடலில் ஓடும் பாய்மர வத்தையில் நான்கு பேர் போயிருந்தார்கள். அந்த வத்தைகளில் பக்கவாட்டில் நீளமான பலகை ஒன்று இருக்கும். காற்று பலத்தால் ஆட்கள் அதன் மேல் காற்று வரும் பக்கமாக ஏறி நின்று, உடம்பின் பாரத்தால் படகை நிமிர்த்துவார்கள். பாயைக் குறைக்காமலே ஓட்ட அது ஒரு வழி. அன்று நல்ல மீன். கூட வந்த இரண்டு வத்தைகள் காற்று ஏறியதும் பாயை இறக்கிவிட்டன. அண்ணன் இறக்கவில்லை. முதலில் கரை சேருகிற மீனுக்குத்தான் விலை. பின்னால் வருகிறவனுக்கு வியாபாரி சொன்னதுதான் காசு. வீட்டில் கடன் இருந்தது. ஒருவர் நின்ற பலகையில் இரண்டு பேரை ஏற்றினார். காற்று ஒரு நொடி அறுந்து மறுபடி அடித்தது. மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அண்ணன் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணனுக்குக் கடல் தெரியாதுன்னு சொல்ல முடியாது. எனக்குத் தாமான் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே அவருதான்" என்றார் பெரியவர். "பாயை எறக்கத் தெரியாம யாரும் சாகுறதில்ல தம்பி. எறக்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு குறுக்க வந்துருது. அண்ணனுக்குக் கடன். இன்னிக்கு எனக்கு நீங்க."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அன்று மாலை பாம்பூ ஃபிளாட் போய்விட்டுத் திரும்பும்போது வண்டிப் படகின் மேல்தட்டில் நின்றேன். இரும்புப் படகு, பெரிய எஞ்சின். வாடை இன்னும் வீசிக்கொண்டிருந்தது, துறைமுகம் முழுக்க வெள்ளை நுனிகள். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் இல்லை. சாத்தம் நெருங்கியபோது தென்மேற்கு ஓரத்தில் அந்தச் சின்னப் படகு தெரிந்தது. பெரியவர் தனியாக உட்கார்ந்து, உப்புத் தண்ணீர் போக அலசிக் காயவைத்த பாயை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு யாரை ஏற்றிக்கொண்டு போகிறாரோ தெரியாது. முதல் மடிப்பை இப்போதே போட்டுவிட்டிருந்தார்.